ஒன்லி: ஒரு சின்ன வார்த்தையின் கதை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நீங்க இங்கிலீஷ் வாத்தியாரா இருந்தவர். மாணவர்களுக்கு உபயோகமா இருபது நிமிஷம் பேசுங்க" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். இருபது நிமிஷத்தில் ஷேக்ஸ்பியரைப் பற்றிப் பேசினால் அவருக்கும் நியாயம் செய்ய முடியாது, பசியோடு இருக்கும் உங்களுக்கும் நியாயம் செய்ய முடியாது. அதனால் ஒரே ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் நாலே எழுத்து. "ஒன்லி."

இதில் என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். நம் ஊர் பஸ் ஸ்டாப்பில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். ஒருவர் போனில் சொல்வார், "ஐ ஆம் இன் சின்னாளப்பட்டி ஒன்லி." இன்னொருவர், "டுமாரோ ஒன்லி ஐ வில் கம்." மூன்றாமவர், "ஹி ஒன்லி டோல்ட் மீ." நமக்கு எல்லாம் புரிகிறது. ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவருக்கு இந்த மூன்றில் ஒன்று சரியாகப் புரியும், ஒன்று வேடிக்கையாக இருக்கும், ஒன்று வேறு அர்த்தத்தைத் தரும். எது எது, ஏன் என்பதுதான் இன்றைய பேச்சு.

பிறந்த கதை

ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் இது "ஆன்லிச்" என்று இருந்தது. "ஆன்" என்றால் ஒன்று. "லிச்" என்றால் உடல், வடிவம். "லைக்" என்ற சொல்லும் இதன் உறவுதான். ஆக, ஒன்றாக இருப்பது, ஒற்றையாக இருப்பது என்று பொருள். "குவிக்லி", "ஸ்லோலி" என்று வினையுரிச் சொற்களின் வாலில் வருகிற "லி"யும் இந்த "லிச்" தேய்ந்து வந்ததுதான். இங்கிலாந்தில் சர்ச் வளாகத்தின் வாசல் ஒன்றுக்கு "லிச் கேட்" என்று பெயர். சவப்பெட்டி வந்து நிற்கிற வாசல் அது. அந்த "லிச்"சும் உடல்தான்.

இதே வேரில் வேறு ஒரு வடிவமும் அன்று இருந்தது. அதற்கு "ஈடு இணையில்லாத, அழகான" என்று அர்த்தம். ஒற்றையாக நிற்பது எல்லாம் அழகு என்று அந்தக் காலத்து ஆள் நினைத்திருக்கிறான்.

மாணவர்கள் அடிக்கடி கேட்கிற ஒரு கேள்வி. "ஒன் என்பதை 'வன்' என்று சொல்கிறோம். ஒன்லியில் மட்டும் ஏன் 'ஓ' சத்தம்?" நல்ல கேள்வி. முதலில் எண்ணையும் "ஓன்" என்பது போலத்தான் சொன்னார்கள். பிற்காலத்தில் ஒரு வட்டார உச்சரிப்பு பரவி, எண் மட்டும் "வன்" ஆகிவிட்டது. "ஒன்லி", "அலோன்", "அட்டோன்" ஆகிய மூன்றும் பழைய சத்தத்தையே வைத்துக்கொண்டன. "அலோன்" என்றால் "ஆல்", "ஒன்" இரண்டும் சேர்ந்தது, முழுக்க முழுக்க ஒன்று. "அட்டோன்" என்றால் "அட் ஒன்", அதாவது பிரிந்தவர்கள் ஒன்றாவது. அதிலிருந்து பரிகாரம் செய்வது என்ற பொருள் வந்தது. "லோன்லி" கூட "அலோன்" தேய்ந்து பிறந்த குழந்தை.

இங்கே ஓர் எச்சரிக்கை. "ஒன்லி, ஒன்று, ஒரு! பார்த்தீங்களா சார், தமிழ்லேர்ந்துதான் போயிருக்கு!" என்று யாராவது சொல்வீர்கள். மேடையில் கைத்தட்டல் கிடைக்கும், ஆனால் சான்று கிடையாது. ஆங்கில "ஒன்" லத்தீனின் "ஊனுஸ்"ஸோடு ஒரே குடும்பம். நம் "ஒன்று" திராவிடக் குடும்பம். சத்தம் ஒத்துப்போவது தற்செயல். தமிழுக்கு இந்த மாதிரி இரவல் பெருமை தேவையில்லை.

நம்ம "தான்"

இப்போது நம் பக்கம் வருவோம். நாம் "ஒன்லி" என்று சொல்லும்போது மனசுக்குள் இருக்கிற தமிழ்ச் சொல் எது? "தான்." இங்கதான் இருக்கேன், நாளைக்குத்தான் வருவேன், அவன்தான் சொன்னான். இந்தத் "தான்" பிறந்தது எண்ணிலிருந்து அல்ல. அது "தன்னை, தனக்கு, தன்னுடைய" என்று வருகிற "தான்". அதாவது "செல்ஃப்". அவன் தானே வந்தான் என்றால் அவனாகவே வந்தான். தனி, தனிமை எல்லாம் இதற்கு உறவு என்பது அகராதிக்காரர்கள் கருத்து. ஆங்கிலேயன் "ஒன்று" என்பதிலிருந்து தனிமைக்குப் போனான். நாம் "தன்" என்பதிலிருந்து தனிமைக்குப் போனோம். புறப்பட்ட ஊர் வேறு, ஓரிடத்தில் பாதை ஒட்டிப் போகிறது. ஒட்டிப் போகிற அந்த இடத்தில்தான் குழப்பமும் ஆரம்பம்.

"இன்னைக்கே வேணும்" என்பதை "டுடே இட்செல்ஃப்" என்கிறோமே, அதுவும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். அழுத்தத்துக்கு "செல்ஃப்" போடுவது ஆங்கிலத்திலும் உண்டு. "ஹெட்மாஸ்டரே வந்துட்டார்" என்பதை "த ஹெட்மாஸ்டர் ஹிம்செல்ஃப் கேம்" என்று சொன்னால் அது அசல் ஆங்கிலம். நாளுக்கும் கிழமைக்கும் "இட்செல்ஃப்" மாட்டுவது நம் சேர்க்கை.

பிரிநிலையும் தேற்றமும்

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க லண்டனுக்குப் போக வேண்டியதில்லை. தொல்காப்பியத்துக்குப் போனால் போதும். இடையியலில் "ஏ" என்ற இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியர் ஐந்து பொருள் சொல்கிறார்: தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை. பின்னால் வந்த நன்னூல் இசைநிறையையும் சேர்த்து ஆறாக்கும். நமக்கு இன்று வேண்டியது இரண்டுதான், தேற்றமும் பிரிநிலையும்.

தேற்றம் என்றால் உறுதி. "ஆமாம், இதுவே" என்று அடித்துச் சொல்வது. பிரிநிலை என்றால் கூட்டத்திலிருந்து ஒன்றைப் பிரிப்பது. "இது மட்டும், மற்றது இல்லை" என்பது. இன்றைய பேச்சுத் தமிழில் இந்த "ஏ" செய்த இரண்டு வேலைகளையும் "தான்" செய்கிறது. "எங்கிட்ட பத்து ரூபாய்தான் இருக்கு" என்றால் பிரிநிலை. பத்துக்கு மேல் இல்லை. "அவர்தான் எங்க அப்பா" என்றால் தேற்றம். ஒருவரைச் சுட்டி உறுதியாகச் சொல்கிறோம்.

ஆங்கிலத்து "ஒன்லி" அடிப்படையில் பிரிநிலைக்காரன். தேற்றம் அவன் வேலை இல்லை. தேற்றத்துக்கு ஆங்கிலேயன் பெரும்பாலும் தனிச் சொல் தேடுவதில்லை, குரலை உயர்த்துகிறான். "ஹீ டோல்ட் மீ" என்று "ஹீ"யில் அழுத்திவிட்டால் "அவன்தான் சொன்னான்" வந்துவிட்டது. நமக்குக் குரல் போதாது, வாலில் ஒரு சொல் ஒட்டினால்தான் திருப்தி. ஒட்டுவதற்குக் கையில் கிடைத்தது "ஒன்லி".

நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சுங்குடியை வைத்துச் சொல்லலாம். முடிச்சுப் போட்ட இடத்தில் சாயம் ஏறாது, மற்ற இடமெல்லாம் ஏறும். அவிழ்த்தால் முடிச்சு இருந்த இடம் புள்ளியாகத் தனித்து நிற்கும். அதுதான் பிரிநிலை. ஆங்கில "ஒன்லி" ஒரு சுங்குடி முடிச்சு. நாமோ அதை ஜரிகைக் கரை மாதிரி அழகுக்கும் எடுப்புக்கும் போடுகிறோம்.

சிரிப்பு வந்த இடம்

இலக்கணம் தெரியாவிட்டால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். பெயர்கள் வேண்டாம்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், தமிழ் வழியில் படித்தவள், நல்ல மார்க். வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போனாள். குடும்பத்தைப் பற்றிக் கேட்டார்கள். அவள் மனசில் இருந்தது இது: "எங்கம்மாதான் சுங்குடிக்கு முடிச்சுப் போடறாங்க. அந்தக் காசுலதான் நான் படிச்சேன்." எவ்வளவு பெருமையான வாக்கியம்! அதை அவள் இப்படிச் சொன்னாள்: "மை மதர் ஒன்லி டைஸ் த நாட்ஸ். வித் தட் மணி ஒன்லி ஐ ஸ்டடீட்."

கேட்டவர் காதில் முதல் வாக்கியம் எப்படி விழுந்திருக்கும்? "எங்கம்மா வெறும் முடிச்சுதான் போடுவாங்க. வேற ஒண்ணும் தெரியாது." ஏனென்றால் ஆங்கிலத்தில் "ஒன்லி"க்கு "வெறும்" என்ற வாடையும் உண்டு. "ஹி இஸ் ஒன்லி எ கிளார்க்" என்றால் "அவன் சாதாரண குமாஸ்தா, அவ்வளவுதான்" என்ற அலட்சியம். "ஒன்லி நாட்ஸ்?" என்று அவர் திருப்பிக் கேட்டுச் சிரித்தாராம். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு புரிந்தது, காரணம் புரியவில்லை. வேலை கிடைக்கவில்லை. அந்த ஒரு வார்த்தையால்தான் போச்சு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அம்மாவைத் தூக்கி வைத்துச் சொன்ன சொல், அம்மாவைக் கீழே இறக்கிவிட்டது. தேற்றமாகப் புறப்பட்டது இகழ்ச்சியாகப் போய்ச் சேர்ந்தது. அவள் வந்து என்னிடம் சொன்னபோது அவள் வருத்தமெல்லாம் அதுதான்.

"இட் இஸ் மை மதர் ஹூ டைஸ் த நாட்ஸ். ஹெர் ஒர்க் பெய்ட் ஃபார் மை ஸ்டடீஸ்." இவ்வளவுதான் வேண்டியிருந்தது.

"மட்டும்" சோதனை

மாணவர்களுக்காக ஒரு சுலபமான சோதனை. தமிழ் வாக்கியத்தில் "தான்" இருக்கும் இடத்தில் "மட்டும்" போட்டுப் பாருங்கள். அர்த்தம் கெடாமல் நின்றால் "ஒன்லி" போடலாம். கெட்டுப்போனால் போடக்கூடாது. மட்டு என்றால் அளவு, எல்லை. எல்லை கட்டுகிற இடத்தில்தான் "ஒன்லி"க்கு வேலை.

"பத்து ரூபாய்தான் இருக்கு." பத்து ரூபாய் மட்டும் இருக்கு. சரி. "ஐ ஹேவ் ஒன்லி டென் ருப்பீஸ்."

"இங்கதான் இருக்கேன்." இங்க மட்டும் இருக்கேன்? மனுஷன் ஒரே சமயத்தில் இரண்டு இடத்திலா இருப்பான்? கெட்டுப்போச்சு. ஆகவே "ஐ ஆம் ரைட் ஹியர்."

"அவன்தான் சொன்னான்." அவன் மட்டும் சொன்னான் என்றால் வேறு அர்த்தம். ஆகவே குரலை அழுத்துங்கள், அல்லது "இட் வாஸ் ஹி ஹூ டோல்ட் மீ".

"வந்துதான் ஆகணும்." இங்கே "மட்டும்" ஒட்டவே ஒட்டாது. "யு மஸ்ட் கம்." அந்த "மஸ்ட்"டிலேயே உறுதி இருக்கிறது.

"நான் சொன்னேன்தானே?" "ஐ டிட் டெல் யு." இந்த "டிட்" ஆங்கிலேயனின் தேற்ற ஏகாரம்.

இந்தச் சோதனைக்கு ஒரு விலக்கு உண்டு. காலத்தைச் சொல்லும்போது "மட்டும்" பொருந்தாவிட்டாலும் "ஒன்லி" பொருந்தும். "நேத்துதான் வந்தேன்", "ஐ கேம் ஒன்லி எஸ்டர்டே." அசல் ஆங்கிலம். "அதற்கு முன்னால் இல்லை" என்ற பிரிநிலை அதில் ஒளிந்திருக்கிறது. ஆகவே முதலில் சொன்ன "நாளைக்குத்தான் வருவேன்" என்பதையும் "ஐ வில் கம் ஒன்லி டுமாரோ" என்று இடம் மாற்றிவிட்டால் யாருக்கும் புரியும். சின்னாளப்பட்டியிலேயே இருப்பவர் வேடிக்கையாக ஒலிக்கிறார். "அவன்தான் சொன்னான்" அர்த்தம் மாறுகிறது. ஆரம்பத்தில் போட்ட கணக்கு தீர்ந்தது.

உண்மையில் சரியான "ஒன்லி" உங்கள் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும். செக் எழுதும்போது தொகைக்குப் பின்னால் "ஒன்லி" போடுகிறோம், தமிழில் எழுதினால் "ரூபாய் ஐயாயிரம் மட்டும்". பின்னால் யாரும் எதையும் ஒட்டிவிடாமல் இருக்க எல்லை கட்டுகிறோம். "லேடீஸ் ஒன்லி" போர்டு, தமிழில் "மகளிர் மட்டும்". 1994-ல் அந்தப் பெயரில் சினிமாவே வந்தது. "மகளிர்தான்" என்று யாரும் எழுதவில்லை பாருங்கள். போர்டு எழுதுகிறவருக்குத் தொல்காப்பியம் தெரிந்திருக்கிறது.

இடம் பார்த்து வைக்கணும்

இன்னொன்று. "ஒன்லி"யை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். தேவி வெள்ளிக்கிழமை இரண்டு சேலை நெய்தாள். "ஒன்லி"யைத் தேவிக்கு முன்னால் வைத்தால் வேறு யாரும் நெய்யவில்லை. இரண்டுக்கு முன்னால் வைத்தால் மூன்றாவது சேலை இல்லை. வெள்ளிக்கு முன்னால் வைத்தால் மற்ற நாளில் தறி ஓடவில்லை. ஒரே வார்த்தை, மூன்று சம்பளக் கணக்கு. தமிழில் "தான்" எதைப் பிடிக்கிறதோ அதற்குப் பின்னால் ஒட்டும். ஆங்கிலத்தில் "ஒன்லி" பெரும்பாலும் முன்னால் நிற்கும். "டுமாரோ ஒன்லி", "ஹியர் ஒன்லி" என்று நாம் பின்னால் ஒட்டுவது தமிழ் வழக்கம்.

இதில் ஆங்கிலேயர்களுக்கே சண்டை உண்டு. 18ஆம் நூற்றாண்டில் ராபர்ட் லௌத் என்ற பாதிரியார், பின்னால் லண்டன் பிஷப் ஆனவர், தான் எழுதிய இலக்கண நூலில் "ஒன்லி" எதைத் தழுவுகிறதோ அதன் பக்கத்திலேயே நிற்கவேண்டும் என்று கண்டிப்புக் காட்டினார். 1926-ல் ஃபௌலர் எழுதிய "மாடர்ன் இங்கிலீஷ் யூசேஜ்" அகராதி, பேச்சில் அது வினைக்கு முன்னால் வருவது இயல்பு, குழப்பம் இல்லாதவரை விட்டுவிடுங்கள் என்றது. பேசும்போது ஃபௌலரைப் பிடித்துக்கொள்ளுங்கள். மனு, ஒப்பந்தம், பரீட்சை எழுதும்போது லௌத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு இனிமையான ஒற்றுமையையும் சொல்லிவிடுகிறேன். "ஐ வுட் கம், ஒன்லி ஐ ஹேவ் ஒர்க்" என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். இங்கே "ஒன்லி" என்றால் "ஆனால்". நாம் என்ன சொல்கிறோம்? "வரலாம், ஆனா ஒண்ணு, வேலை இருக்கு." இரண்டு மொழியும் தடையைச் சொல்ல "ஒன்று" என்பதையே கூப்பிடுகின்றன. உறவில்லாமலே இரண்டு பேர் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள்.

வெட்கப்பட வேண்டுமா?

வேண்டியதில்லை. இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் அல்ல. கன்னடக்காரர் "இல்லே" என்கிறார், தெலுங்குக்காரர் "இக்கடே" என்கிறார், மலையாளி "இவிடெத் தன்னெ" என்கிறார், இந்திக்காரர் "யஹீன்" என்கிறார். எல்லாம் "இங்கேயே"தான். எல்லோருக்கும் வாலில் ஓர் அழுத்தம் வேண்டியிருக்கிறது. எல்லோரும் ஆங்கிலத்தில் "ஹியர் ஒன்லி" என்கிறார்கள். நம் ஊரில் வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசுகிறவர்கள் உண்டு; அவர்களுக்கும் இதே கதை. இந்திய ஆங்கிலத்தின் அடையாளங்களில் ஒன்றாக மொழியியலார் இதை ஆராய்கிறார்கள். தவறு என்று ஒதுக்காமல், ஒழுங்குள்ள ஒரு வழக்கு என்றே பார்க்கிறார்கள். தேற்றம் என்ற நம் பழைய இலக்கணம் ஆங்கில உடுப்புப் போட்டுக்கொண்டு நடக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே மாணவர்களே, பஸ்ஸிலும் கடையிலும் நண்பர்களிடமும் "ஹியர் ஒன்லி" என்று தாராளமாகச் சொல்லுங்கள். எதிரில் இருப்பவர் நம் ஆள் இல்லை என்றால், ஒரு நொடி "மட்டும்" போட்டுப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். உங்கள் அம்மா அப்பாவைப் பற்றிச் சொல்லும்போது அவசியம் போட்டுப் பாருங்கள்.

முன்னாள் மாணவ நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் இன்று மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஆள் எடுக்கிறீர்கள். கிராமத்துப் பிள்ளை ஒருத்தி "மை மதர் ஒன்லி" என்று ஆரம்பித்தால் சிரிக்காதீர்கள். அவள் ஆங்கிலத்துக்குப் பின்னால் ஒரு "தான்" நிற்கிறது. அது உங்கள் காதில் விழவேண்டும். விழாவிட்டால் இன்னொரு தடவை கேளுங்கள், தமிழிலேயே கேளுங்கள். சாயம் ஏறாத புள்ளியைக் குறை என்று யாரும் சொல்வதில்லை. சுங்குடிக்கு அதுதான் அழகு.